கல்கத்தா போன ரெண்டு பேரும், டிராஃப்டில் தூங்கும் என் கடிதமும்

என் மெயில் டிராஃப்டில் ஒரு ராஜினாமாக் கடிதம் எட்டு மாசமா தூங்கிக்கிட்டிருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை திறப்பேன், ஒரு கமாவை மாத்துவேன், மூடிடுவேன். அவ்ளோதான் நம்ம வீரம் :-)

நமக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம். பொட்டி தட்டுறதை விட்டுட்டு, ஊரில் விளையுற முண்டு மிளகாயை வாங்கித் தரம் பிரிச்சு நேரடியா விக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. 2023ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சதும் அந்த ஆசை இன்னும் முத்திப்போச்சு. அப்பாகிட்ட சொன்னேன். "மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல, வெயில்ல காயுறதுக்கா உன்னை எஞ்சினியரிங் படிக்க வச்சேன்?"னு கேட்டார். பதில் சொல்லத் தெரியலை. அவர் தடுத்தது ஒரு காரணம்தான். அவர் பேரைச் சொல்லி நானே தப்பிச்சுக்கிட்டதுதான் பெரிய காரணம்.

அந்த நேரத்தில்தான் சிவகாசிக் கதையைத் தேடிப் படிச்சேன். சிவகாசியும் ஒரு காலத்தில் நம்ம ஜில்லாதான் மக்களே! 1910ல் உருவான பழைய ராமநாதபுரம் ஜில்லாவை 1985ல் மூணாப் பிரிச்சப்போதான் அது விருதுநகர் பக்கம் போச்சு. அங்கேயும் நம்மூர் மாதிரியே மழை ஏமாத்தும், விவசாயம் கையை விரிக்கும்.

1922ல் அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு உறவுக்காரங்க அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பினாங்க. தீப்பெட்டி செய்யக் கத்துக்கத்தான். அதுவரை இங்கே பத்த வச்ச தீக்குச்சியில் பெரும்பகுதி ஸ்வீடனிலும் ஜப்பானிலும் இருந்து கப்பலில் வந்தது. 1922ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டாங்க. வெளிநாட்டுச் சரக்கு விலை ஏறினதால உள்ளூர்க்காரன் நுழைய ஒரு சந்து கிடைச்சது. அந்த நேரத்தில் இவங்க தொழில் படிக்கப் போனாங்க. கவனிங்க, கடையைத் திறந்துட்டுக் கத்துக்கலை, கத்துக்கிட்டு வந்து 1923ல் திறந்தாங்க.

அதோட முடியலை. முதலில் ஜெர்மன் இயந்திரங்களை வரவழைச்சுப் பார்த்தாங்க. அது சரிப்பட்டு வரலை. போட்ட காசு போச்சேன்னு அதையே கட்டிக்கிட்டு அழாம, கையால செய்யுற முறைக்கு மாறினாங்க. வேலைக்கு ஆள் இருந்தாங்க, குச்சியும் பெட்டியும் காய வெயிலும் தாராளமா இருந்தது. ஊருக்குச் சாபம்னு சொன்ன அதே வெயில்தான்! அப்புறம் ரெண்டு பேரும் தனித்தனியாப் பிரிஞ்சு, ஒருத்தர் அணில் மார்க், இன்னொருத்தர் காக்கா மார்க்னு போட்டாங்க. இந்தப் பக்கம் ஸ்வீடன் கம்பெனியோட விம்கோ பெரிய இயந்திரங்களோட இந்தியாவுக்குள்ளேயே தொழிற்சாலை போட்டிருந்தது. அதையும் தாக்குப்பிடிச்சாங்க. தீப்பெட்டிக்குப் பின்னாடி பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தது.

வெறும் தைரியத்தில் நடந்ததுன்னு சொன்னா அது பொய். அவங்க சமூகத்தில் வியாபாரிகள் மகமைன்னு ஒரு பொதுநிதி சேர்த்து வைக்கிற வழக்கம் இருந்தது. 1921லேயே தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியாச்சு (இன்னைக்கு தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி). பின்னாடி தாங்கிப்பிடிக்க நாலு கை இருந்தா முன்னாடி ஒரு அடி வைக்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அந்தக் குறைஞ்ச விலைக்குப் பின்னாடி பல வருஷம் குழந்தைகளோட விரல்கள் இருந்தது, வெடிவிபத்துச் சாவுகளும் இருந்தது. தொழில் தொடங்குறவன் யாரோட உழைப்பை என்ன விலைக்கு வாங்குறோம்னும் யோசிக்கணும்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். இத்தனை நாளும் என் கேள்வி "வேலையை விடுறதா, வேண்டாமா?"ன்னே இருந்தது. கேள்வியே தப்பு. "உன்னோட கல்கத்தா எங்கேடா?"ன்னு கேட்டிருக்கணும். மிளகாயில் ஈரம் எவ்வளவு இருந்தா பூசணம் பிடிக்கும்னுகூட எனக்குத் தெரியாது. எக்ஸெல்லில் மட்டும் மூணு வருஷ லாபம் போட்டு வச்சிருக்கேன் :-(

அதனால ராஜினாமாக் கடிதம் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும். ஒரு வருஷச் செலவுக்குப் பணம் சேர்க்க ஆரம்பிச்சாச்சு. அடுத்த அறுவடைக்கு ரெண்டு வாரம் லீவு போட்டுப் பரமக்குடியில் ஒரு மிளகாய் மண்டியில் உட்காரப் போறேன். இதை அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "மண்டிக்குப் போறதா இருந்தா விடிகாலையிலேயே போகணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், நானும் வர்றேன்"னார்.

நாலு கையில் ரெண்டு கை கிடைச்சாச்சு மக்களே.