நிலவின் வேஷம்

தமிழ்நாட்டில் வேஷம் புனையும் வழக்கத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கோயில் திருவிழாவிலும் கூத்துக்களத்திலும் தொடங்கி, பள்ளிக்கூடத்து மாறுவேஷப் போட்டியில் வந்து நிற்பது இயல்பு. அந்த நெடிய வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த வேஷம் விண்வெளி வீரனுடையது. கிருஷ்ணனும் பாரதியும் கட்டபொம்மனும் நிற்கும் மேடையில், வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைக் கவசத்தோடு ஒரு சிறுவனோ, ராக்கெட்டையே சட்டையாக மாட்டிக்கொண்ட ஒரு சிறுமியோ நிற்பது இன்று பழகிய காட்சியாகிவிட்டது. இவ்வேஷத்தின் கதையைக் கொல்லிமலைச் சோளக்காட்டிலிருந்து சொல்லத் தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சாலை, சோளக்காட்டில்தான் மலைமேல் வந்து சேர்கிறது. பலாவும் வாழையும் மிளகும் சந்தைக்கு வரும் இவ்வூரைத் தாண்டிச் செம்மேட்டுக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் செல்லும் யாத்ரிகர், தாம் மிதிப்பது வல்வில் ஓரி ஆண்ட மண் என்பதை அறிவர். ஆயின் சங்க இலக்கியம் இம்மலையை மறவாமல் வைத்திருப்பதற்கு ஓரியோடு ஒப்ப மற்றொரு காரணமும் இருக்கிறது, அதுவே கொல்லிப்பாவை. பூதம் ஒன்று செய்து நிறுத்திய உருவம் அது என்றும், காற்று மோதினாலும், மழை கடுகிப் பெய்தாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் எழில் குலையாதது என்றும் நற்றிணைப் பாடல்கள் அதனைப் புகழ்கின்றன. இயற்கையின் சக்திகளை ஒவ்வொன்றாக ஏவிவிட்டு, அவற்றுக்கு ஒரு செய்பொருள் ஈடுகொடுத்து நிற்பதை எண்ணி மகிழும் அந்தக் கற்பனை, செயற்கைக்கோளை அதிரவைத்தும் சூடேற்றியும் குளிரவைத்தும் பரிசோதிக்கும் இக்காலத்தாருக்கு மிக நெருக்கமாகப் படும். புலவர்கள் பாடியது கவிதையேயன்றி விஞ்ஞானம் அன்று. எனினும், ஆக்கப்பட்ட ஓர் உருவத்தைக் கண்டு வியக்கும் உள்ளம் இம்மலையின் பழம்பெரும் சொத்து என்பதில் ஐயமில்லை.

உருவம் சமைக்கும் கலையைத் தமிழ்நாட்டில் வழிவழியாகக் காத்தவர்கள் கூத்துக் கலைஞர்கள். கலியாண முருங்கை மரத்தைச் செதுக்கிக் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் செய்து, அவற்றின்மேல் வண்ணத்தாளை ஒட்டிக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து, ஓர் ஏழை உழவனைத் துரியோதனச் சக்கரவர்த்தியாக உயர்த்திவிடும் வித்தை அவர்களுடையது. அந்த மரத்தைத் தேர்ந்ததில் நுட்பமான யோசனை இருக்கிறது. அதன் கட்டை பஞ்சுபோல் கனமற்றது, ஆகையால் விடிய விடிய ஆடிக் கிறுகிறுப்பவனின் தலையையும் தோளையும் அது வருத்தாது. கண்ணாடிச் சில்லுகளோ விளக்கொளியை வாங்கி, நெடுந்தொலைவில் பாய்விரித்து அமர்ந்திருப்பவர் கண்ணிலும் எறியும். கனமின்மை, ஒளி என்ற இவ்விரண்டையுமே கூத்துவேஷத்தின் இலக்கணம் எனலாம்.

இதே இலக்கணம் விண்வெளிக்கும் பொருந்தியது ஆச்சரியமே. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் செயற்கைக்கோள் ஆகாயத்தில் ஏறியபின், உலகத்துச் சிறுவர்களின் கனவு திசை மாறிற்று. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற ஹாலோவீன் பண்டிகையில், அக்டோபர் 31 இரவு பேய் வேஷத்தில் வீடு வீடாகச் சென்று இனிப்பு கேட்ட குழந்தைகளிடையே விண்வெளி வீரர்களும் தோன்றலாயினர். மெர்க்குரி திட்டத்து வீரர்களின் உடை அலுமினியம் பூசியதாக வெள்ளிபோல் மின்னியதால், சமையலறையின் அலுமினியத் தாளே அவ்வேஷத்துக்கு உகந்த துணியாயிற்று. 1969 ஜூலையில் சந்திரனில் கால்வைத்தவர்கள் அணிந்த வெண்ணிற உடையை, பெண்களுக்கான உள்ளாடை தயாரித்து வந்த ஒரு நிறுவனத்தின் தையற்பெண்கள், 21 அடுக்குகளாகத் தையல் இயந்திரத்தில் அமர்ந்து தைத்தார்கள். மானிட சாதனைகளில் மகத்தான ஒன்றை, ஊசியும் நூலும் ஏந்திய கைகளே உடுத்தி அனுப்பின.

நம் தேசத்தின் விண்வெளி முயற்சியும் அவ்வாறே எளிய சாதனங்களோடுதான் தொடங்கிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் புறப்பட்ட தும்பாவில், மீனவர் கிராமத்து மாதாகோயில் அலுவலகமாக விளங்கிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் சென்றன. 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளை ஆன்டெனாப் பரிசோதனைக்காக மாட்டுவண்டியில் ஏற்றினர். உலோகத்தின் குறுக்கீடு கூடாது என்ற தேவைக்கு மரவண்டியே தக்க விடையாக இருந்தது. வறுமையின் அடையாளமென்று சிலர் எள்ளும் அந்தப் புகைப்படத்தில் நான் காண்பது, கைக்கெட்டிய பொருளின் குணத்தை அறிந்து பிரயோகிக்கும் புத்தியை. கலியாண முருங்கையைத் தேர்ந்த கூத்தனின் புத்தியும் அதுவே.

வேஷமும் விண்வெளியும் ஒரே ஊரில் சந்தித்திருப்பதையும் சொல்லவேண்டும். திருச்செந்தூரை அடுத்த குலசேகரன்பட்டினத்தில், முத்தாரம்மன் தசராவுக்கு விரதமிருந்து காளியாகவும் ராஜாவாகவும் குறவன் குறத்தியாகவும் வேஷமிடும் பக்தர்கள், வீடுவீடாகச் சென்று பெற்ற காணிக்கையை அம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். அவ்வூர்ப் பகுதியிலேயே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் எல்லாவற்றினும் விசேஷமான வேஷத்தைப் புனைந்தது, கொல்லிமலை அடங்கிய நாமக்கல் மாவட்டத்தின் மண்ணே. இம்மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் பாறை, சந்திரனின் மேட்டுநிலப் பாறையை இயல்பில் ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினரின் துணையோடு அது இஸ்ரோவுக்குச் சென்றது. பொடியாக்கிப் பரப்பப்பட்டு, சந்திரயான் கலங்களின் சக்கரமும் காலும் எவ்வாறு பதியும் என்று பார்ப்பதற்குரிய பொய்ச் சந்திரனாயிற்று. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்தருகே சந்திரயானின் விக்ரம் கலம் பிழையின்றி இறங்கியதற்கு முன், நம் ஊர் மண் நிலவாக வேஷமிட்டு அந்த இறக்கத்துக்கு ஒத்திகை பார்த்திருந்தது. மாறுவேஷம் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

ஆகவே, சோளக்காட்டுக் குழந்தை ஒன்று விண்வெளி வீரனாக விரும்பினால், அவ்வேஷத்தை வீட்டிலேயே செய்யவிடுவது பெற்றோரின் கடமை. ஊதிய பலூன்மேல் செய்தித்தாள் கிழிசல்களை மைதாப்பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பலூனைக் குத்தி எடுத்துவிட்டு, முகத்துக்கு வட்டமாக ஒரு வாசல் வெட்டினால் தலைக்கவசம் ஆயிற்று. மளிகைக்கடை அட்டைப்பெட்டி முதுகில் பிராணவாயுப் பெட்டியாகும். இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் அதன் உருளைகளாகும். இவை அனைத்தின்மேலும் வெள்ளித்தாளைச் சுருக்கமின்றி ஒட்டுவதில்தான் பொறுமை வேண்டும். அவசரப்படுபவன் கையில் தாள் கிழியும். கவசம் பெரிதானால் கழுத்து சாயும், வாசல் சிறிதானால் மூச்சு முட்டும் என்பவற்றை அக்குழந்தை தன் தலையில் மாட்டிப் பார்த்தே அறிந்துகொள்ளும். உடை தைப்போரும் கலம் சமைப்போரும் பயின்ற முதற்பாடம் அதுவே.

நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் தயார் உடைகள் கண்ணுக்கு அழகானவை. ஆனால் அவற்றை அணியும் குழந்தைக்கு எந்தக் கேள்வியும் எழுவதில்லை. வீட்டுக் கவசத்தின் கோணலான ஒட்டு ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத் தேடிய விடையாகும். மேடையில் பரிசளிக்க அமரும் ஆசிரியப் பெருமக்கள், வேஷத்தின் பளபளப்புக்குத் தரும் மதிப்பெண்ணைக் காட்டிலும், அதைச் செய்த விதத்தைக் குழந்தையின் வாயாலேயே சொல்லக் கேட்டு மிகுந்த மதிப்பெண் தருவார்களாயின், இந்தப் பழைய கலை இனிவரும் விஞ்ஞானத்துக்குப் பயிற்சிக்கூடமாக நிலைபெறும்.