மின்னியல் பொழுதுபோக்கு: குறைந்த செலவில் எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

ஜோர்ஜ்டவுன்: பினாங்கு லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் வட்டாரத்தில் கடைவாசல்தோறும் ஒலிபெருக்கியில் பாட்டு கேட்கும். அதுபோன்ற அம்ப்ளிஃபையரைப் பழுது பார்க்கவோ, அர்டுயினோ பலகையில் சிறு கருவி செய்யவோ விரும்புவோருக்குச் சில அளவுக் கருவிகள் தேவை.

அளவுக் கருவிகள் பினாங்குக்குப் புதியவை அல்ல. 1972-இல் பாயான் லெப்பாஸுக்கு வந்த ஹியூலெட் பேக்கார்டின் அளவுக் கருவிப் பிரிவுதான் 1999-இல் அஜிலெண்ட் என்றும், 2014-இல் கீசைட் என்றும் தனி நிறுவனமாக வளர்ந்தது. ஆனால், வீட்டு மேசைக்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடக் கருவி வேண்டியதில்லை.

முதலில் மல்டிமீட்டர்

நூறு ரிங்கிட்டுக்குள்ளேயே பயனுள்ள மல்டிமீட்டர் கிடைக்கும். அதன் 'கேட்' பாதுகாப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். பிளக்கில் செருகும் சாதனங்களுக்குக் கேட் 2, வீட்டு வயரிங்குக்குக் கேட் 3. மிக மலிவான பல மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இராது. அந்தத் துளையில் வயரை விட்டபடி வீட்டு மின்சாரத்தை அளந்தால் ஷார்ட் ஆகி, மீட்டரே கையில் வெடிக்கலாம்.

வாங்கும்போது ஒரு புதிய பேட்டரியும், 1 விழுக்காடு துல்லியமுள்ள 1,000 ஓம் ரெசிஸ்டரும் கொண்டு செல்லலாம். ரெசிஸ்டர் ஏறக்குறைய 990 முதல் 1,010 ஓம் வரை காட்ட வேண்டும். பழைய மீட்டருக்கு இந்தச் சோதனை மிக அவசியம்.

அடுத்து பவர் சப்ளை

கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் வசதி இருப்பதே நல்லது. புதிய சர்க்கியூட்டுக்கு முதலில் 100 மில்லி ஆம்பியர் போல் குறைவாக வைத்தால், இணைப்பு தவறினாலும் பாகங்கள் கருகும் வாய்ப்பு குறையும்.

கடைசியில் ஆசிலோஸ்கோப்

மனிதக் காது கேட்கும் ஒலி ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். எனவே அம்ப்ளிஃபையர் வேலைக்கு 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் தாராளம். சிறிய கிட் வகைகளில் சில 200 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அவை ஒலிக்குப் போதும், அர்டுயினோவின் 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைக் காட்டா.

எச்சரிக்கை

மேசை ஸ்கோப்பின் எர்த் கிளிப், மூன்று முனை பிளக் வழியாகத் தரையோடு இணைந்தது. அதை வீட்டு மின்சாரப் பகுதியில் மாட்டவே கூடாது. மலேசியாவின் 230 வோல்ட் மின்சாரம், பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது தங்கியிருக்கும். தொடக்கநிலையினர் பேட்டரியில் இயங்கும் வேலைகளோடு தொடங்குவதே பாதுகாப்பு.