பாக்கும் கலத்தின் சமிக்ஞையும்: தோட்டப்புற வாய்ப்புற்றுநோய் ஆய்வின் வரலாறு

ஹாலிஎல முதலான பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெற்றிலை வெறும் பழக்கமன்று. சடங்கிலே அது மங்கலப் பொருள். மலைச்சரிவிலே குளிரையும் பசியையும் மறக்கச் செய்யும் துணை. இவ்வழக்கத்தின் தீங்கு எதிலிருந்து பிறக்கின்றது என்ற வினாவுக்கு அறிவியலார் கூறிய விடை காலந்தோறும் மாறிவந்துள்ளது. அம்மாற்றத்தை ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

1952இல் ஷ்வார்ட்ஸ் என்பார், கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் வாய் இறுகித் திறக்க இயலாத நிலையொன்றைக் கண்டு விவரித்தார். மறு ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த ஜோஷி, இதனைச் சீதமென்சவ்வின் கீழான நார்ப்பெருக்கம் என இனங்கண்டார். இந்நிலை புற்றுநோய்க்கு முன்னோடியாகலாம் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆயினும் நெடுங்காலம் புகையிலையே முதற் குற்றவாளியாகக் கருதப்பட்டது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை கலந்த வெற்றிலையையே புற்றுநோய் விளைப்பது என உறுதிசெய்தது. 2004இல் வெளியான அதன் தொகுதியோ, புகையிலை இல்லாத வெற்றிலைக் கலவையையும் பாக்கையுங்கூட அவ்வகையிற் சேர்த்தது.

பாக்கு எவ்வாறு தீங்கு செய்கின்றது? கலத்தின் புறத்தே தோன்றும் சமிக்ஞை, உள்ளே புரதங்கள் வாயிலாகக் கருவை அடைகின்றது. அங்கே படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள், எப்பரம்பரையலகு இயங்கவேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன. பாக்கின் கூறுகள் ‘உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா’ என்னும் சமிக்ஞையைத் தூண்டுகின்றன என்பதனைப் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தார் 2012இல் எடுத்துக்காட்டினர். இச்சமிக்ஞையை ஏந்திச் செல்லும் ஸ்மாட் புரதங்கள் கருவினுட் புகுந்து கொலாஜன் உற்பத்தியைப் பெருக்குகின்றன, வாய் இறுகுகின்றது.

இவ்வழியின் மற்றொரு முகத்தைச் சதையிப் புற்றுநோய் புலப்படுத்தியது. ஸ்மாட்-4 புரதத்துக்குரிய பரம்பரையலகு 1996இல் அந்நோயிலேயே கண்டறியப்பட்டது. சதையிப் புற்றுகளுள் ஏறக்குறைய பாதியில் அது செயலிழந்துள்ளது. நாரைப் பெருக்கும் அதே சமிக்ஞை வழி, இயல்பான கலத்தில் வளர்ச்சிக்குக் கடிவாளமாகவும் அமைகின்றது. கடிவாளம் அறுந்தவிடத்துக் கலம் கட்டின்றிப் பெருகுகின்றது.

இவ்வறிவு தோட்ட மக்களுக்கு ஆற்றும் பயன் யாது? ‘புகையிலை சேர்க்காவிடில் தீங்கில்லை’ என்ற நம்பிக்கை நிலைபெறத் தகாது என்பது முதலாவது. நோய் ஒரே நாளில் வருவதன்று; நாள்தோறும் மீளும் தூண்டலினால் ஆண்டுக்கணக்கில் உருவாவது என்பது இரண்டாவது. ஆகவே இடையே தடுக்க அவகாசம் உண்டு. பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார ஊழியர் வாயைப் பரிசோதித்தே முன்னோடிப் புண்களை இனங்காண இயலும் என்பதை வர்ணகுலசூரிய குழுவினர் 1984இல் இலங்கை ஆய்வொன்றின் மூலம் நிறுவினர். விதியென்று தோட்டத்தார் ஏற்ற நோய், உரிய காலத்தில் வாயைத் திறந்து நோக்குவாரின்மையால் முற்றியதே பெரிதும் எனலாம்.