பிரம்பும் புகையும்



அன்னாசிக்குப் பேர்போனது நம் பெக்கான் நானாஸ். ஆனால் ஜொகூர் மண்ணின் பழைய கணக்கேட்டைப் புரட்டினால் மணப்பது அன்னாசி அல்ல, அபின்! 19ஆம் நூற்றாண்டில் ஆற்றோரங்களில் கேம்பியரும் மிளகும் பயிரிடச் செய்த சீனத் தலைவர்களைக் 'காங்சூ' என்பார்கள். தம் எல்லைக்குள் அபின் விற்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. 1917இல்தான் அந்த முறை ஒழிந்தது. நம்மவர் வாழ்ந்த ரப்பர் தோட்டங்களிலோ கள்ளுக்கடை. போதையை விற்றுக் காசு பார்த்த காலம் அது. மாணவனை மட்டும் யார் தடுப்பது?

1952இல் அபாயகர மருந்துச் சட்டம் வந்தது. பள்ளிக்கென்று வந்தது 1959ஆம் ஆண்டின் கட்டொழுங்கு விதிமுறை. பிரம்பைத் தலைமையாசிரியரோ அவர் பொறுப்பளித்த ஆசிரியரோதான் எடுக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே; உள்ளங்கையில் அல்லது கால்சட்டைக்கு மேல். அதற்கும் அடங்காவிட்டால் தற்காலிக நீக்கம், கடைசியாகப் பேர் வெட்டு.

சிகரெட் பிடித்தவனுக்கு ரோத்தான் கிடைத்தது வாஸ்தவம். ஆனால், அந்தக் காலத்தில் வாத்தியாரே பையனைக் கூப்பிட்டு, "டேய், கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாடா" என்று காசு கொடுத்ததும் உண்டே! வீட்டில் அப்பாவும் அதையே செய்தார். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

1970களில் ஹெராயின் பரவியபோது விளையாட்டு முற்றிவிட்டது. 1975இல் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்க வழி செய்யப்பட்டது. 1976இல் பெமாடாம் சங்கம் தோன்றியது. 1983 பிப்ரவரி 19ஆம் நாள் பிரதமர் மகாதீர், போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அறிவித்தார். அதே ஆண்டு கடத்தலுக்கு மரணம் கட்டாயத் தண்டனையாயிற்று. 2023இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனால் 1983இலேயே இன்னொரு சட்டமும் வந்ததைக் கவனியுங்கள். அடிமைப்பட்டவனுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அதன் நோக்கம்.

பள்ளிக்கூடம் இந்த இரண்டில் எதன் பக்கம்? பேர் வெட்டப்பட்ட பையன் எங்கே போவான்? பகலெல்லாம் பஸ் நிலையத்தில் நிற்பான். அவனைத் தேடி வருகிறவன் ஆசிரியன் அல்ல. "ரெண்டு அடி கூடப் போடுங்க சார், பேரை மட்டும் வெட்டிடாதீங்க" என்று கும்பிடுகிற தாய்மார்களுக்கு இது தெரியும். என் கட்சியும் அதுவே.

இன்று வந்திருப்பது வேப். ஜொகூரில் 2016 முதல் அதன் விற்பனைக்குத் தடை. எனினும் 2023 மார்ச் 31இல் நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதால், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வரும்வரை ஒன்றரை ஆண்டு இடைவெளி விழுந்தது. அதற்குள் சரக்கு பள்ளிப் பைக்குள் புகுந்துவிட்டது. தீப்பெட்டி வேண்டாம், வாயில் நாற்றமில்லை, பழ வாசனைதான். பையைச் சோதிக்கிற ஆசிரியர், பேனா என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.