வெற்றிலைக் கூறு: பழக்கமும் சார்புநிலையும்

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மெல்வது வெற்றிலைக் கூறு. இலங்கையில் ஹல்துமுல்லை உள்ளிட்ட ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் ஆண், பெண் இருபாலாரும் வெற்றிலை போடுவர். கொழுந்து பறிக்கும்போது இரு கையும் ஓயாது. வாயில் அடங்கும் கூறு அதற்குத் தோதானது. சாராயமும் கசிப்பும் போதை, வெற்றிலை வெறும் 'பழக்கம்' என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பேச்சு.

மருத்துவமும் ஒருகாலத்தில் இப்படித்தான் பேசியது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைவரின் 1964 ஆம் ஆண்டு அறிக்கை புகைத்தலைப் பழக்கம் என்றே வகுத்தது. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் என்று அதே பதவியிலிருந்து அறிக்கை வர 1988 ஆயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவோ 1964 இலேயே 'பழக்கம்', 'அடிமைநிலை' என்ற இரு பெயர்களுக்கும் பதிலாகச் 'சார்புநிலை' என்ற ஒரே சொல்லைப் பரிந்துரைத்துவிட்டது.

கூறில் சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கிறது. அது உமிழ்நீரைக் காரமாக்க, நிக்கோட்டின் மின்னூட்டம் இழந்து கன்னத்தின் உட்தோல் வழியே இரத்தத்தில் எளிதாகக் கலக்கும். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும்; கன்னத்தில் அடக்கிக்கொள்பவர்கள் இதை அனுபவத்தில் கண்டவர்கள். மூளையை அடைந்த நிக்கோட்டின் தனக்குரிய ஏற்பிகளைத் தூண்டி டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. உடலில் நிக்கோட்டினின் அரைவாழ்வு சுமார் 2 மணி நேரம். இரவில் அது வடிந்துவிடுவதால்தான் விடிந்ததும் கை வெற்றிலைப் பையைத் தேடுகிறது. தொடர்ந்து மெல்பவரின் மூளையில் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகும்; திடீரென நிறுத்தினால் எரிச்சல், மனம் நிலைகொள்ளாமை, மிகுபசி.

பாக்கிலும் தனி மருந்து உண்டு. அதிலுள்ள அரெக்கோலின் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்ட, எச்சில் ஊறும், வியர்க்கும், உடல் சூடேறும். மலைக்குளிரில் இந்தச் சூடு வேண்டியிருக்கிறது. பழகாதவருக்குப் பாக்கு சொக்குவதும் அரெக்கோலினாலேயே. நிக்கோட்டினுக்குரிய ஏற்பி ஒன்றையும் அரெக்கோலின் ஓரளவு தூண்டுவதாக 2015 இல் ஓர் ஆய்வு காட்டியது. புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் மெல்பவர்களும் விடமுடியாமல் தவிப்பதற்கு அது ஒரு விளக்கம்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த கூறைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது 1985 இல். தனிப்பாக்கை 2004 இல். பாக்கு மெல்வோரில் சிலருக்கு வாயின் உட்திசு நார்போல் இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். விட முயல்வோருக்குத் தரப்படும் நிக்கோட்டின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும் புகையிலைத் தவிப்பை மட்டுமே தணிக்கும். பாக்குச் சார்புநிலைக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை.