அட்டிலும் அதன் சுவரும்

நகரங்களிலுள்ள பழைய மனைகளைப் புதுக்குவோர் இந்நாளில் முதற்கண் இடிக்க விரும்புவது, சமையலறைக்கும் கூடத்திற்கும் இடைப்பட்ட சுவரையே ஆகும். இருண்டு குறுகிக் கிடந்த அறை ஒளி பெறுதலும், சமைப்பவர் வீட்டாரொடு உரையாடிக்கொண்டே தொழில் செய்தலும் இதனால் எய்தும் பயன்கள் என்பர். ஆயின், பட்டறிவுடைய கொத்தனார் எவரும் கடப்பாரையைக் கையிலெடுக்குமுன், 'இச்சுவர் எதைத் தாங்கி நிற்கிறது?' என்று வினவுவார். 'மதராஸ் டெரஸ்' என வழங்கும் பழைய முறையில், தேக்கங்கட்டைகளைச் சுவர்மேல் வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மீது செங்கற்களைச் சுண்ணச்சாந்து இட்டு நெருக்கி நிறுத்தித் தளம் அமைத்தனர். அக்கட்டைகள் அடுக்களைச் சுவரின்மேல் அமர்ந்திருப்பின், இரும்பு உத்தரம் ஒன்றை ஏற்றிய பின்னரன்றிச் சுவரை அகற்றுதல் இயலாது. கொத்தனாரின் அவ்வினாவையே வரலாற்று நோக்கில் நாமும் எழுப்புதல் தகும். அடுக்களைச் சுவர் தளத்தையன்றி வேறு எவற்றையெல்லாம் தாங்கி நின்றது? சுவர் வீழ்ந்தபின் அவை எங்குச் சென்றன? இவையே ஈண்டு ஆராயப் புகுவன.

சமையலிடத்தைக் குறிக்கும் சொற்களை முதலில் நோக்குவோம். சங்க நூல்களில் பயில்வது அட்டில் என்னும் சொல். அடுதல் தொழில் நிகழும் இல் என அது விரியும். இல் என்பது வீட்டையும் இடத்தையும் ஒருங்கே குறிக்குமாதலின், அட்டில் தனி மனையாகவே இருந்தது என இச்சொல் ஒன்றையே சான்றாகக் கொண்டு முடிவு கட்டுதல் பொருந்தாது. சொல்லைக் கொண்டே சுவர் எழுப்பிவிடும் ஆராய்ச்சி நம்மிடையே மிகுதி. அடு என்னும் அவ்வேரினின்று தோன்றிய அடுப்பும் அடுக்களையும் இன்றும் வழக்கில் உள்ளன. அடுக்களை மலையாளத்திலும் பெருவழக்கிற்று. மடை என்னும் சொல் தெய்வத்திற்குப் படைக்கும் சோற்றைக் குறித்துக் கோயில் மடைப்பள்ளியில் நிலைபெற்றது. ஈழத்தமிழர் வழங்கும் குசினி என்பது போர்த்துகேசியர் வழி வந்தது. சமையற்கட்டு என்பதிலுள்ள கட்டு, முற்றங்களால் பகுக்கப்பெற்ற பெருமனையின் ஒரு பகுதியைச் சுட்டும். சமையலறை என்பதோ ஓரறை அளவினது. இச்சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின என்பது நம் கருத்தன்று. வெவ்வேறு வகை மனைகளில் சமையலிடம் பெற்றிருந்த அளவையும் நிலையையும் அவை காட்டுகின்றன என்பதே நாம் கொள்வது. புதிய மனைகளைப் பற்றிப் பேசுவோர் வாயில் வழங்கும் 'ஓப்பன் கிச்சன்' என்பதற்கு நிகராகச் சிலர் 'திறந்த சமையலறை' என எழுதுகின்றனர். அறை என்ற பின் அது திறந்திருத்தல் எங்ஙனம் என்னும் ஐயம் நமக்கு எழாமலில்லை.

இனி, சுவர் எழுந்தமைக்குப் பலரும் கூறும் காரணம் புகை. விறகெரித்த காலத்தில் புகையும் தாளிப்பின் நெடியும் கூடத்திற் பரவாவண்ணம் அடைத்து வைத்தனர் என்பர். புகையின் கொடுமைக்குப் பழைய சான்றுகள் உண்டு. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டு, புதுமணம் புரிந்த இளையாள் தயிர் பிசைந்த விரல்களோடு, தாளிப்புப்புகை மையுண்ட கண்களிற் சூழப் புளிப்பாகு சமைத்த காட்சியைச் செவிலி கூற்றாகத் தருகின்றது. கணவன் உண்டு இனிதென்றான். அவள் முகம் நுண்ணிதின் மகிழ்ந்தது. நற்றிணை 120ஆம் பாட்டிலும் தலைவி வாளைமீன் அரிந்து, புகை சூழ்ந்த கண்ணளாய், நெற்றி வியர்வையை முன்தானையால் துடைத்து நிற்கின்றாள். சிலம்பின் கொலைக்களக் காதையிற் கண்ணகி ஆயர் பாடியில் அட்ட இறுதி உணவிலும் சிவந்த கண்களும் வியர்த்த முகமும் வருகின்றன. நற்றிணைப் பாட்டில் அவளுக்கு இடப்பெறும் பெயர் கருதற்பாலது. அட்டிலோள் என்கின்றான் தலைவன். இடத்தின் பெயர் ஆளின் பெயராகி விடுகின்றது. புகை அவளது கண்ணைச் சேர்கின்றதேயன்றித் தலைவனது கண்ணைச் சேர்ந்ததாகப் பாட்டில் குறிப்பில்லை. அவன் நிற்கும் இடத்தினின்று அவளைக் காண முடிகின்றது. ஆயின் அவள் அவனைப் பாராமல் ஊடியிருக்கின்றாள். விருந்தினர் எவரேனும் வந்தால் அவள் ஊடல் மறைந்து சிறுமுறுவல் தோன்றுமே என்பது அவன் வேட்கை. பார்வைக்கு அகப்படும் நிலையில் அட்டில் இருந்தது என்னும் அளவிற்கேனும் இப்பாட்டு நமக்குச் சான்றாம்.

அட்டிலின் கதவு அடைபட்டதைக் கூறும் பாட்டும் ஒன்று உண்டு. அது புகை பற்றியதன்று. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிற் பாணனது அட்டில் வருகின்றது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்க, அதனைப் பொறாது ஈன்ற நாய் குரைக்கின்றது, சுவர் அரிக்கப்பட்டுக் கிடக்கின்றது, காளான் பூத்திருக்கின்றது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பும் இன்றி அவித்து, பிறர் காண நாணி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். அடைத்தது அட்டிலின் வாயிலா மனையின் வாயிலா என்பதைப் பாட்டின் சொல் தெளிவுறக் காட்டவில்லை. ஓரறைக் குடிலில் இரண்டும் ஒன்றேயாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும், அடுப்பை மறைக்கத் தூண்டியது வறுமையின் நாணம் என்பது ஐயமின்றிப் பெறப்படும். இதனோடு பட்டினப்பாலையை ஒப்பு நோக்குதல் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்து அறச்சாலைகளின் அகன்ற அட்டிலிற் சோறு வடித்த கஞ்சி, யாறு போலத் தெருவிற் பரந்து ஓடிற்று என்று அந்நூல் பெருமிதத்தோடு பேசுகின்றது. நிறைந்த அட்டில் தெருவரை தன்னைக் காட்டிக்கொண்டது. வறிய அட்டில் தன்னை மறைத்துக்கொண்டது.

பிற்காலத்துப் பெருமனைகளில் நிலைமை வேறு. திண்ணை, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு எனத் தெருவிலிருந்து கொல்லை வரை நீளும் மனையிற் சமையலிடம் பின்பகுதியில் அமைந்தது. முன்பகுதி ஆடவர்க்கும் வருவார்க்கும் கணக்கிற்கும் உரியதாயிற்று. பின்பகுதி பெண்டிர்க்கும் அடுப்பிற்கும் கிணற்றிற்கும் உரியதாயிற்று. இவ்விடத்துச் செல்வத்திற்குக் குறைவில்லை. மறைக்க வேண்டிய வறுமையும் இல்லை. எனினும் சுவர்கள் மிகுந்தன. காரணம் தூய்மை பற்றிய கொள்கையே என்பது நம் துணிபு. படைக்கும் உணவு படைக்கப்படுமுன் பிறர் கண்ணிற் படலாகாது என்னும் கோயில் ஒழுகலாறு, வைதிக ஒழுக்கம் பேணிய இல்லங்களிலும் புகுந்தது. மடி உடுத்தவரே அடுப்பை அணுகலாம். இன்ன சாதியார் இன்ன வாயில் வரையே வரலாம். வீட்டுப் பெண்டிரே ஆயினும் மாதவிலக்கு நாட்களில் அவ்வெல்லையைத் தாண்டலாகாது. பாத்திரம் துலக்க வருபவர் கொல்லைப்புற வாயிலாற் புகுந்து அவ்வழியே மீண்டார். இவ்வெல்லைகளுக்கெல்லாம் புகை காரணமாதல் இல்லை. இச்சுவர் செங்கல்லால் ஆயதும் அன்று. 2018இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்திற் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைத்தலை ஆதிக்க சாதியினர் எதிர்த்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அங்கே அவர்கள் காக்க முயன்றது எந்தச் சுவரை என்பதை விளக்க வேண்டுவதில்லை.

புகைதான் காரணம் என்னும் கூற்றைச் சோதித்தற்கு ஒரு வழி உண்டு. புகை நீங்கிய பின் சுவரும் நீங்கிற்றா என்று காண்பதே அது. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்த எஸ். பி. ராஜு என்பார், மண்ணாலேயே கட்டத்தக்க, புகைபோக்கியொடு கூடிய அடுப்பை விளக்கி எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளிவந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு நகர்ப்புறத்திற் பரவிற்று. 1965இல் இண்டேன் எரிவாயு கல்கத்தாவில் அறிமுகமாயிற்று. தமிழ்நாட்டில் 2007 முதல் வறிய குடும்பங்கட்கு எரிவாயு அடுப்பும் இணைப்பும் விலையின்றி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவற்றால் நேர்ந்த பெருமாற்றம் அடுப்பு தரையினின்று மேடைக்கு ஏறியமை. உருளையைக் கீழே வைத்தற்கு மேடை இன்றியமையாததாயிற்று. குந்தியிருந்து ஊதுகுழல் ஊதியவர் நின்று சமைக்கலானார். ஆயின் சுவர் நின்ற இடத்திலேயே நின்றது. எரிவாயு வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், நடுத்தர வகுப்பினர் கட்டிய வீடுகளில் அடுக்களை கதவுடைய தனியறையாகவே பெரும்பாலும் அமைந்தது. எனவே, புகை சுவருக்கு ஒரு காரணமேயன்றி முதற்காரணம் அன்று எனலாம்.

மேனாட்டு வரலாறும் இம்முடிவிற்கு அரணாகின்றது. மார்கரேட் சூட்டே-லிகோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926இல் ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். தொடர்வண்டியின் உணவுப் பெட்டியிலுள்ள சமையலிடத்தை முன்மாதிரியாகக் கொண்டு, எட்டுதலும் நடத்தலும் அளக்கப்பெற்று அமைந்த அவ்வறை ஏறத்தாழ 10,000 வீடுகளில் இடம்பெற்றது. அதற்கு முன்னர் அந்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் சமைத்தலும் உண்ணலும் இருத்தலும் ஆகிய அனைத்தையும் ஒரே அறையிற் செய்துவந்தன. புகையற்ற அடுப்பு வந்தபொழுது அங்கே சுவர் வீழவில்லை, எழுந்தது! தொழிலை எளிதாக்கவே அவர் அதனை வகுத்தார். இருப்பறையை நோக்கிய இழுகதவும் வைத்தார். எனினும் ஒருவர் மட்டுமே நின்று தொழில் செய்யத்தக்க அவ்வறை பெண்ணைத் தனிமைப்படுத்திற்று என்று 1970களிற் பெண்ணியர் குறைகூறினர். அதனை வகுக்குமுன் தாம் சமைத்ததே இல்லை என்று அவ்வம்மையாரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார் என்பது சுவையான செய்தி. மறுபுறம், அமெரிக்க நாட்டு மினியாபொலிஸ் நகரில் 1934இல் பிராங்க் லாயிட் ரைட் கட்டிய வில்லி இல்லத்திற் சமையலிடமும் உணவுக்கூடமும் கண்ணாடியும் அடுக்குப் பலகையுமே இடையிட ஒன்றையொன்று நோக்கி அமைந்தன. பொருளாதார மந்தத்திற்குப் பின் வேலையாள் இல்லாத நடுத்தரக் குடும்பங்கள் பெருகிய காலம் அது. சமைப்பவர் பணியாளாக இருந்தவரை மறைக்கப்பட்ட இடம், வீட்டுத் தலைவியே சமைக்க நேர்ந்தபொழுது திறக்கப்பட்டது. அடுப்பின் வகையைவிட, அடுப்பின் முன் நிற்பவர் யார் என்பதே சுவரின் இருப்பை மிகுதியும் வரையறுத்தது என்று நாம் கொள்கின்றோம்.

இவ்விடத்து மறத்தற்கில்லாத செய்தி ஒன்று உளது. நம் நாட்டிற் சுவரற்ற அடுக்களை புதியதன்று. வறியவர் குடிலில் அது என்றும் இருந்தது. உறங்கும் இடமும் உண்ணும் இடமும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இடைத்தட்டியின்றிக் கிடந்தன. அதனை எவரும் அழகிய அமைப்பு என்று புகழ்ந்ததில்லை. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பு, வீட்டினுள்ளே சமைப்போரைச் 'சமையலறை உள்ளோர்', 'இல்லோர்' என இரண்டாகப் பகுத்தது. சுவரின்மை அங்கே குறையாகவே எண்ணப்பட்டது. சென்னை சீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களைச் சேர்ந்த ஊர்ப்புற வீடுகள் 436இல் விறகுப்புகையின் நுண்துகள்களை அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வும், வீடுகளை இடைச்சுவர் உள்ள அடுக்களை, இடைச்சுவர் இல்லாத அடுக்களை, வெளியே தனித்த அடுக்களை, திறந்தவெளிச் சமையல் என வகைப்படுத்திற்று. விறகெரியும் வீட்டில் இடைச்சுவர் இன்மை, சமையாதாரும் புகையை நுகர்தற்கு வழியாகும். ஆகவே, சுவர் சிலர்க்குக் காப்பாகவும் இருந்தது. எரிவாயு பெற்றவர் சுவரை இடிப்பதும், விறகையே நம்பியிருப்பவர் சுவரை வேண்டுவதும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நிகழ்தல் கூடும்.

இனி, இக்காலத்துப் புதுமனைகளை நோக்குவோம். சுவரை நீக்கியோர் விரைவில் உணர்வது தாளிப்பின் நெடி. கடுகு வெடிக்கவும் மிளகாய் கருகவும் கூடத்தில் இருப்போர் இருமுகின்றனர். திரைச்சீலையில் எண்ணெய் ஏறுகின்றது. குறுந்தொகைத் தலைவியின் கண்ணைச் சூழ்ந்த புகையில் ஒரு பங்கு இப்பொழுது தலைவனுக்கும் கிடைக்கின்றது. அது நன்றே என்று நாம் கருதுகின்றோம். இதனைத் தவிர்த்தற்கு மின்விசைப் புகைபோக்கியை அடுப்பின்மேல் பொருத்துகின்றனர். செல்வர் சிலர் வேறு வழி காண்கின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'வெட் கிச்சன்', 'டிரை கிச்சன்' என இரண்டு சமையலிடங்கள் அமைத்தல் பரவலான வழக்கம். அண்மைக்காலத்தில் நம் நகரத்துப் பெருமனைகளிலும் அது தலைகாட்டுகின்றது. முன்னையது பின்புறத்தே கதவோடு கூடியது. அரைத்தலும் பொரித்தலும் மீன் கழுவலும் பாத்திரம் துலக்கலும் அங்கே நிகழும். பின்னையது கூடத்தை நோக்கித் திறந்தது. பளிங்கு மேடையும் உயர்ந்த இருக்கைகளும் உடையது. தேநீர் கலப்பதும் விருந்தினரொடு உரையாடுவதும் அங்கே. கதவுக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் சம்பளத்திற்கு வந்த பெண். இரண்டாங்கட்டும் கொல்லைப்புற வாயிலும் வேறு பெயரில் மீண்டுள்ளன. கூடத்திற்கும் அடுக்களைக்கும் இடையே இருந்த சுவர், அடுக்களைக்கும் அடுக்களைக்கும் இடையே பெயர்ந்து நிற்கின்றது.

இப்பொருளில் நம் ஆராய்ச்சிக்குத் தடையாவது சான்றின்மை. பழைய மனைகளின் முகப்பையும் தூண்களையும் படமெடுப்போர் பலர். அவற்றின் அடுக்களையை அளந்து வரைந்தோர் மிகச் சிலர். புதுக்கும் பணியில் முதலில் மறைவதோ அவ்வடுக்களையே. முதுகலை மாணவர்கள் தத்தம் ஊரில் இடிபடவிருக்கும் மனைகளில் அடுப்பு இருந்த திசை, கதவின் நிலை, புகை வெளியேறிய வழி, யார் எந்த வாயில் வரை வந்தனர் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்வீட்டில் நெடுங்காலம் சமைத்த பெண்டிரையும், கொல்லை வாயிலோடு நின்று மீண்டவரையும் தனித்தனியே வினவுதல் வேண்டும். ஒரே சுவரைப் பற்றி இவ்விருவர் கூறுவனவும் ஒன்றாக இருப்பதில்லை. அச்சுவரின் இரு புறத்திலும் நின்றோர் உயிரோடிருக்கும் இந்நாளிலேயே இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.