மலைச்சரிவில் எழுந்த வீடு

கண்டியின் மலைச்சரிவொன்றிலே 1949 ஆம் ஆண்டில் ஒரு வீட்டு வேலை தொடங்கியது. சரிவை வெட்டி மட்டமாக்காது, அதனோடு இசைந்து படிப்படியாக இறங்கும் வண்ணம் அமைந்தது அவ்வீடு. கருணாரத்தின வீடு என வழங்கும் அதனை வரைந்தவர் மினெற் டி சில்வா அம்மையார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

1918 இற் கண்டியிற் பிறந்தவர் அம்மையார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா சுகாதார மந்திரியாயிருந்தவர். தாயார் அக்னஸ், பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடியவர். பிடிவாதம் குடும்பச் சொத்துப் போலும்! பம்பாயிற் பயின்ற காலத்தில், காந்தியடிகளை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்திற் சேர்ந்தார். மன்னிப்புக் கேட்க மறுத்தார். கல்லூரி அவரை விலக்கியது. பின்னர் இலண்டனிற் கற்று, 1948 இற் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் அங்கத்தவரானார். ஆசியப் பெண்களுள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. புதுமைக் கட்டடக்கலையின் பேராசான் லெ கோபூசியே அவருடைய நண்பர்.

எனினும், மேனாட்டிற் கண்டதை அப்படியே இங்குக் கொணர்ந்து இறக்கினாரல்லர். கொங்கிறீற்றுத் தூணுக்கும் கண்ணாடிக்கும் அருகே தும்பறைப் பாய் நெசவும், அரக்கு வேலையும், சுட்ட களிமண் ஓடும் இடம்பெற்றன. கைவினைஞர்மீது இரக்கங் கொண்டு செய்ததன்று. அவர்தம் தொழிலுக்குப் புதிய வீட்டிலும் வேலையுண்டு என அவர் கண்டார். கொழும்பிலே பீரிஸ் குடும்பத்தினருக்கு அமைத்த வீட்டின் நடுவே முற்றம் வைத்தார். நாற்சார் வீட்டில் வளர்ந்தோருக்கு அதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

அவருடைய பணிகளுள் விதந்து கூறத்தக்கது, கண்டியை அடுத்த வட்டபுலுவவில் 1950களின் பிற்பகுதியில் எழுந்த குடியிருப்பாகும். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள். குடியேற இருந்தோர் நடுத்தர வருவாயினர். பல இனத்தவர், பல மதத்தவர். அரசாங்க வீடென்றால் ஒரே அச்சில் வார்த்து வரிசையாக நிறுத்துவதே எளிது. அம்மையாரோ வினாக்கொத்து அனுப்பினார், கூட்டங்கள் கூட்டினார். எவ்வாறு வாழ்கின்றீர்கள், என்ன தேவை, எவ்வளவு செலவிட இயலும் என வீட்டுக்குரியவரையே கேட்டார். சில அடிப்படை அமைப்புகளை வகுத்து, குடும்பத்துக்குக் குடும்பம் மாற்றினார். நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் இயன்றவரை அழியாது காத்தார். குடியிருப்போனைக் கேட்டு வீடு வரைவது இன்று பாடநூலில் உள்ள முறை. அன்று அது புதுமை.

தனித்துத் தொழில் நடத்திய பெண் என்பதனால் தம் வேலை உரியவாறு மதிக்கப்படவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. குறை நியாயமானதே. காலப்போக்கில் வேலைகள் அருகின. 1970களின் பிற்பகுதியில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். மீண்டு வந்து, 1980களிற் கண்டியில் ஒரு கலை நிலையத்தை அமைத்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம் 1996 இலேதான் அவரை நாடி வந்தது. 1998 இற் கண்டியிலே காலமானார். தம் வாழ்வையும் பணியையும் பற்றி அவரே எழுதிய நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.